இல்லாத ஆளுக்கு ஓர் இடம்

அத்தியாயம் 11

ரூத்தைத் திட்டி இந்த வாரம் பதினேழு கடிதங்கள் வந்திருக்கின்றன. தண்டையார்ப்பேட்டை வாசகி ஒருவர் எப்படியோ என் நம்பரைப் பிடித்து, போன் போட்டே திட்டிவிட்டார். கட்டிய புருஷனைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொல்லலாமா என்று கேட்டார். சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் பதினாலு மாதமாக அந்த வீட்டில் ரூத் பட்ட பாடு அந்த அம்மாவுக்குத் தெரியாதா என்ன? வாராவாரம் படித்துக்கொண்டுதானே இருக்கிறார்.

சரி, புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் ஒரு வாய் டீ குடித்துவிட்டு வாருங்கள்.

செல்வநாதன் எண்ணூர் பக்கம் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டியவன். இருபத்தோரு வருடம் ஒரு பெட்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டினான். போன வருடம் ஆடி மாதம் ஒரு நாள், பெட்டியை இறக்கும்போது கீழே ஓர் ஆள் நடந்து வருவதைப் பார்த்தான். பதறிப்போய்ப் பெட்டியை அந்தப் பக்கம் இழுத்தான். அது பக்கத்து அடுக்கில் மோதி, மேலே இருந்த இன்னொரு பெட்டி சரிந்து விழுந்து நொறுங்கியது. எல்லோரும் ஓடிவந்து பார்த்தால் கீழே ஆளும் இல்லை, ஆளின் செருப்பும் இல்லை.

அந்த மூலைக்குக் கேமரா கிடையாது. வரிசையில் நின்ற மூன்று ட்ரெய்லர் டிரைவர்களும் வண்டியை விட்டு இறங்கவே இல்லை என்றார்கள். யார்டு சூப்பர்வைசர் ஜாபர், செல்வநாதனின் இருபது வருடத் தோஸ்து, அங்கே யாரும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம் என்று யார்டே சிரித்தது.

செல்வநாதனைக் கிரேனை விட்டு இறக்கிக் கேட்டில் உட்கார வைத்தார்கள். உள்ளே வரும் ட்ரெய்லர்களுக்கு மஞ்சள் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிற வேலை. மூன்று முறை ஓட்டிக் காட்டலாம், தேறினால் கிரேன் திரும்பக் கிடைக்கும், தேறாவிட்டால் மாதக் கடைசியோடு கேட்டு வேலையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு முறை தோற்றாயிற்று.

ரூத் கண் டாக்டரிடம் அழைத்துப் போனாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். அது அவளுக்கு இன்னும் பயமாகப் போய்விட்டது. எர்ணாவூரில் ஜெபவீடு நடத்தும் அவள் அண்ணன் சாலமன் வந்து, செல்வநாதன் தலையில் கை வைத்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கி, அவனைப் பிடித்த பேயை ஓட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து செல்வநாதன் ஜெபவீடு என்ன, தெருமுனைக் கோயிலில்கூடக் கால் வைப்பதில்லை.

போன வியாழக்கிழமை ரூத் சொன்னது இதுதான்: "இல்லாத ஆளுக்கோசரம், இருக்கற என்னையும் பொண்ணையும் தெருவுல நிறுத்திட்டியே." கல்யாணமான இருபத்தைந்து வருடத்தில் அவள் அவனை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து அவன் வீட்டில் சாப்பிடுகிறான், படுக்கிறான், பேசுவதில்லை.

இன்று செவ்வாய்க்கிழமை. மதியம் மூன்று மணிக்கு மூன்றாவது தேர்வு.

*

ராயபுரத்தில் அவர்கள் தெருமுனை அந்தோணியார் கோயில் சின்னதுதான். ஆனால் செவ்வாய்க்கிழமை பதினொன்றரைப் பூசைக்கு உள்ளே நிற்க இடம் கிடைக்காது. வேதக்காரர்களான கிறிஸ்தவர்கள் மட்டுமா வருகிறார்கள்? பொட்டு வைத்தவர்களும் வருவார்கள், முக்காடு போட்டவர்களும் வருவார்கள். வாசலுக்குள் நுழைந்ததும் இரண்டு மரப்பெட்டிகள். ஒன்றில் விண்ணப்பச் சீட்டு, இன்னொன்றில் நன்றிச் சீட்டு. வேண்டியது கிடைத்தவர்கள் ஒரு பை பன்ரொட்டியும் கொண்டுவந்து வைப்பார்கள். பூசை முடிந்ததும் அது வாசலில் நிற்கிற எல்லோருக்கும் போகும்.

ஒன்பது செவ்வாய் விடாமல் வந்தால் வேண்டியது கிடைக்கும் என்று நம்பிக்கை, ரூத்துக்கு இன்று ஒன்பதாவது. இடதுபுறம் பெண்கள் பக்கம், தூணை ஒட்டி முழங்காலில் இருந்தாள். ஒன்பது வாரமும் அவள் போட்டது விண்ணப்பச் சீட்டுத்தான். புருஷனுக்கு வேலை திரும்பக் கிடைக்க வேண்டும் என்று எழுதுவாள், அவன் புத்தி தெளிய வேண்டும் என்றும் ஒரு வரி சேர்ப்பாள்.

சீட்டுகளை மைக்கில் வாசிக்கிறவள் அவள் மகள் ஷெர்லின். இருபத்துமூன்று வயது, கூரியர் ஆபீசில் வேலை, இன்று லீவு போட்டிருந்தாள். குரல் கணீரென்று இருக்கும். சீட்டு வாசிப்பதற்கு இந்தக் கோயிலில் ஒரு சட்டம் உண்டு. முன்கூட்டிப் படித்துப் பார்க்கக் கூடாது. பெட்டிக்குள் கை விட்டு, வந்ததைப் பிரித்து, அப்படியே வாசிக்க வேண்டும். முன்னால் வாசித்த ஒருவர் தனக்குப் பிடிக்காதவர்களின் சீட்டை ஒதுக்கிவிட்டார் என்று சண்டை வந்து, ஃபாதர் போட்ட சட்டம் அது. வாசித்த சீட்டைப் பீடத்துக்குப் பக்கத்து மண்சட்டியில் போட வேண்டும், வெளியே எடுத்துப் போகக் கூடாது.

முதல் நன்றிச் சீட்டு துபாய் விசா வந்ததற்கு. இரண்டாவது சிறுநீரகக் கல் ஆபரேஷன் இல்லாமல் வெளியே வந்ததற்கு. மூன்றாவதை எடுத்ததும் ஷெர்லின் விரல் ஒரு கணம் நின்றது. வெள்ளைத் தாள் இல்லை, மஞ்சள் சீட்டு. அப்பா தினமும் கேட்டில் கிழித்துக் கொடுக்கிற அதே சீட்டு. பின்பக்கம் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது.

வாசிக்க ஆரம்பித்தாள்.

"அந்தோணியார் சாமிக்கு நன்றி. நான் உங்க வேதக்காரன் இல்ல. ஆனா வேண்டிகின மாதிரி ஒம்பது செவ்வாக்கெழம வந்துட்டேன். போன வருஷம் ஆடி மாசம் கடேசி செவ்வாக்கெழம, கன்டெய்னர் யார்டுல வண்டிய வுட்டு எறங்கக் கூடாதுன்னு தெரிஞ்சும் எறங்கிட்டேன். காலைல அஞ்சு மணிலேர்ந்து லைன்ல நின்னதால அவசரத்துக்கு ஒதுங்கிட்டேன்."

பெஞ்சுகளில் லேசாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஷெர்லின் சிரிக்கவில்லை. நிறுத்தவும் முடியாது, அடுத்த வரிக்குத் தாவவும் முடியாது. சட்டம் அப்படி.

"திரும்பி வரசொல்ல தலைக்கு மேல பொட்டி. கிரேன்ல இருந்தவரு என்னப் பாத்துட்டு பொட்டிய அந்தாண்ட இழுத்துட்டாரு. நான் ஓடிப்போயி வண்டில ஏறி ஒக்காந்துட்டேன். கேட்டப்ப எறங்கவேயில்லன்னு சொல்லிட்டேன். யார்டுக்குள்ள வர்ற பாஸப் புடுங்கிட்டா எனக்கு வேற பொழப்பு இல்ல. அவரு கிரேன் போயிடிச்சுன்னு அப்பறம்தான் தெரியும். சாமி, அவரு கண்ணு நல்ல கண்ணு. என் உசுருக்கு நன்றி. அவருக்கு கிரேன திருப்பிக் குடுங்க. சொல்றதுக்கு எனக்கு தெகிரியம் வரல."

ஷெர்லின் தலை நிமிர்ந்து அம்மாவைத் தேடினாள். தூணுக்குப் பக்கத்தில் ரூத் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஒன்பது வாரமாக, இதே கூரைக்குக் கீழே, ஆம்பளைகள் பக்கத்தில் எங்கேயோ அந்த ஆள் நின்றிருக்கிறான். அவள் புருஷனுக்குப் புத்தி தெளிய வேண்டும் என்று எழுதிப் போட்ட அதே நாட்களில், அவன் கண் நல்ல கண் என்று ஒருவன் எழுதி வைத்திருக்கிறான்.

அடுத்த சீட்டை வாசித்தபோது ஷெர்லினின் கையில் அந்த மஞ்சள் சீட்டு இல்லை. மண்சட்டியிலும் இல்லை. பாட்டுப் புத்தகத்துக்குள் போயிருந்தது.

பூசை முடிந்ததும் ஷெர்லின் நேராக ஃபாதரிடம் போய், சீட்டைத் திருடிவிட்டேன் என்று சொல்லி அழுதுவிட்டாள். அவர் எல்லாவற்றையும் கேட்டார். யார் போட்டது என்று தனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டேன் என்றார். சீட்டு அந்தோணியாருடையது, அடுத்த செவ்வாய் அது மண்சட்டிக்குத் திரும்பிவிட்டால் அதற்குப் பேர் திருட்டு இல்லை, இரவல் என்றும் சொன்னார். நல்ல மனுஷன்.

வாசலில் ஐந்து பை ரொட்டி இருந்தது. எந்தப் பையை யார் வைத்தார்கள் என்று ரொட்டி கொடுக்கிறவருக்கும் தெரியவில்லை. ரூத் கையில் அவர் ஒரு பன்னை வைத்தார். அவள் அதைச் சாப்பிடாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

*

மணி பன்னிரண்டு நாற்பது. தேர்வு நாளில் போனைக் கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். செல்வநாதனுக்கு நாலு தடவை அடித்தும் பதில் இல்லை. அம்மாவும் பெண்ணும் ஆட்டோ பிடித்தார்கள்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஆட்டோ என்னதான் செய்யும்? வலது பக்கம் கடல் சுவர், இடது பக்கம் ஒன்றன்பின் ஒன்றாக ட்ரெய்லர்கள். திருவொற்றியூர் தாண்டுவதற்கே அரை மணி ஆகிவிட்டது. ஷெர்லின் ஒவ்வொரு ட்ரெய்லரிலும் டிரைவர் முகத்தை எட்டி எட்டிப் பார்த்தாள். இவனா, அவனா? விசாரணையில் சொன்ன மூன்று டிரைவர்களின் பேரும் அவளுக்கு மனப்பாடம். சாவியோ, ஹுமாயூன், வெள்ளத்துரை. வேதக்காரன் இல்லை என்று சீட்டில் இருப்பதால் சாவியோவைத் தள்ளிவிடலாம். மிச்சம் இரண்டு பேர்.

ரூத்துக்கு ஆள் யார் என்பது கவலையில்லை. இதைப் புருஷனிடம் தேர்வுக்கு முன்னால் சொல்வதா, பின்னால் சொல்வதா என்பதுதான் கவலை. முன்னால் சொன்னால் கவனம் சிதறும், மூன்றாவதும் போய்விடும் என்றாள். பின்னால் சொல்லி என்ன பிரயோஜனம், சீட்டை ஆபீசில் காட்டினால் தேர்வே தேவையில்லையே என்றாள் ஷெர்லின். சீட்டின் முன்பக்கம் நம்பர் இருக்கிறது. எந்த வண்டிக்குக் கொடுத்த சீட்டு என்று கம்ப்யூட்டரில் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆளைக் கூப்பிட்டு நாலு தட்டுத் தட்டினால் உண்மை வந்துவிடும்.

"நைனா பொய் சொல்லலன்னு ஆயிடும்மா. அது போதாதா?" என்றாள் ஷெர்லின்.

ரூத் ஆட்டோக்காரருக்குக் கேட்காத குரலில், "நான் இன்னா வார்த்த சொல்லிக்கீறேன் தெரியுமா அவர?" என்றாள். பெண்ணுக்குத் தெரியும். பக்கத்து அறையிலிருந்து கேட்டவள்தான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

யார்டு வாசலில் இறங்கும்போது மணி இரண்டு பத்து. காவலாளி உள்ளே விடவில்லை. செல்வநாதன் மனைவி என்றதும் பாவம் பார்த்து, சூப்பர்வைசரைக் கூப்பிடுகிறேன் என்றார். வந்தது ஜாபர்.

ஜாபரோடு அவர்கள் பேசிப் பதினாலு மாதம் ஆகிறது. ரம்ஜானுக்குப் பிரியாணியும் கிறிஸ்துமஸுக்குக் கல்கலாப் பலகாரமும் போய் வந்துகொண்டிருந்த வீடுகள். செல்வநாதன் அவனோடு பேச்சை முறித்ததிலிருந்து ரூத்தும் தெருவில் கண்டால் திரும்பிக்கொள்வாள். இன்று திரும்பவில்லை. ஷெர்லின் சீட்டை அவன் கையில் கொடுத்தாள்.

ஜாபர் வெயிலில் நின்றபடி ஒரு தடவை படித்தான். நிழலுக்குப் போய் இன்னொரு தடவை படித்தான். கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நீதான் மாமா எழுதிக் குடுத்தே, அங்க யாரும் இல்லன்னு" என்றாள் ஷெர்லின்.

"நான் நின்ன எடத்துலேர்ந்து பொட்டி மறச்சிகிச்சு ஷெர்லினு. நான் பாக்கலன்னு எழுதியிருக்கணும். யாரும் இல்லன்னு எழுதிட்டேன்." மறுபடி சீட்டைப் பார்த்தான். "ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன்."

ரூத்துக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவளும் அதைத்தானே செய்தாள்? அவள் பார்க்கவில்லை, அதனால் இல்லை என்று சொல்லிவிட்டாள். முன்னால் சொல்வதா, பின்னால் சொல்வதா என்று ஆட்டோவில் வந்த குழப்பம் அங்கேயே தீர்ந்துபோனது. "அவராண்ட இத்த குடுத்துடுங்கண்ணா. இப்பவே" என்றாள்.

*

கிரேன் ஏணியின் அடியில் செல்வநாதன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான். ஜாபர் வருவதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜாபர் சீட்டை அவன் முழங்காலின் மேல் வைத்தான்.

செல்வநாதன் மெதுவாகப் படித்தான். உதடு அசைய அசையப் படித்தான். முடித்துவிட்டுச் சீட்டைத் திருப்பினான், முன்பக்கம் அவனுடைய சொந்தக் கையெழுத்து. போன மாதம் அவனே கிழித்துக் கொடுத்த சீட்டு. அந்த ஆள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, அவன் கையிலிருந்து வாங்கியிருக்கிறான். எத்தனை மாதமாக வாங்கிக்கொண்டிருக்கிறானோ.

பதினாலு மாதம் கழித்து அவன் ஜாபரோடு பேசிய முதல் வார்த்தை இது:

"ஆளு நல்லாக் கீறானா பாய்?"

ஜாபர் அவசர அவசரமாகச் சொன்னான். வா, ஆபீசுக்குப் போகலாம், நம்பர் இருக்கிறது, ஆளைப் பிடித்துவிடலாம், இந்தத் தேர்வே வேண்டாம், நானும் எழுதிக் கொடுத்ததை மாற்றி எழுதிக் கொடுக்கிறேன் என்றான். சீட்டை வாங்கக் கை நீட்டினான்.

செல்வநாதன் நம்பர்மேல் கட்டை விரலை வைத்து மூடினான்.

"நீ எழுதனத நீ மாத்திக்கோ. அது உன்னோட. இந்த நம்பர எத்துகினு போனா அந்தாளு பாஸ் போயிடும். அவன அன்னிக்கு நான் காப்பாத்தினது, இன்னிக்கு நானே நசுக்கறதுக்கா?"

"மூணாவது தபா மாமு. இத்தோட முடிஞ்சிது."

"தெரியும்" என்றான் செல்வநாதன். சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டான். ஏணியில் ஏறினான்.

தேர்வு என்றால் எட்டுப் பெட்டி, இருபது நிமிடம். வெளியிலிருந்து வந்த அதிகாரி கீழே கடிகாரத்தோடு நிற்பார். முதல் தடவை ஐந்து பெட்டியில் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாம் தடவை ஆறு. கையில் குறையே இல்லை, வம்பு கண்ணோடுதான். பெட்டியை இறக்கும் முன் காலடிக் கண்ணாடி வழியே கீழே பார்ப்பான். ஆள் இல்லை. ஆனால் அன்றைக்கு அவன் கண் ஆள் இருக்கிறது என்றது, ஊரே இல்லை என்றது. அப்படியானால் இன்றைக்கு ஆள் இல்லை என்று இந்தக் கண் சொல்வதை மட்டும் எப்படி நம்புவது? மறுபடி பார்ப்பான். ஹாரன் அடிப்பான். மறுபடியும் பார்ப்பான். ஒவ்வொரு பெட்டிக்கும் இப்படிப் பார்த்துப் பார்த்தே இரண்டு தேர்வையும் விட்டான்.

வெளியே காம்பவுண்டு சுவருக்கு மேலே கிரேனின் மஞ்சள் தலை மட்டும் தெரிந்தது. ஷெர்லின் எண்ணினாள். ரூத் ஜெபமாலையை எடுத்தவள் சுவரைப் பார்ப்பதா மணியை உருட்டுவதா என்று தெரியாமல் முதல் மணியிலேயே நின்றுவிட்டாள்.

முதல் பெட்டிக்கு ஒரு ஹாரன் கேட்டது. ரூத் கண்ணை மூடிக்கொண்டாள். போன தடவை இதே ஹாரன் நிற்காமல் கேட்டதாக யார்டில் கேலி செய்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த ஹாரனுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. பெட்டி தரையைத் தொட்ட சத்தம்தான் கேட்டது.

மேலே கேபினில் செல்வநாதன் ஒரு தடவை பார்த்தான். ஆள் இல்லை. இறக்கினான். இரண்டாவது பெட்டி. ஒரு தடவை பார்த்தான். ஆள் இல்லை. இறக்கினான். சட்டைப் பைக்குள் சீட்டு இருந்தது. அவரு கண்ணு நல்ல கண்ணு என்று யாரோ முகம் தெரியாத ஒருவன் எழுதியிருக்கிறான். பதினாலு மாதத்தில் டாக்டர் சொல்லியும் நம்பாத கண்ணை அவன் இன்று நம்பினான். ஆறாவது பெட்டிக்குப் பிறகு அழுதான். கை அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏழு" என்றாள் ஷெர்லின் வெளியே. "அம்மா, ஏழு."

எட்டாவது பெட்டி இறங்கும்போது முப்பத்தைந்து விநாடி மிச்சம் இருந்தது.

அதிகாரி கையெழுத்துப் போட்டதும் ஜாபர் கேட்டுவரை ஓடியே வந்தான். ஐம்பது வயது ஆள், தொந்தி வேறு. பாஸ் என்று ஒரே வார்த்தையைக் கத்திவிட்டு, மூச்சு வாங்கி அங்கேயே குந்திவிட்டான். ரூத் சாலை என்றும் பார்க்காமல் முழங்காலில் விழுந்தாள். காவலாளி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அந்தக் களேபரத்தில் ஷெர்லின் ஒன்றைக் கவனித்தாள். வரிசையில் ஒரு ட்ரெய்லர் ஓரம் கட்டி நின்றிருந்தது. பின்னால் வந்த வண்டிகளுக்கெல்லாம் வழி விட்டுவிட்டு, இவர்கள் வந்ததிலிருந்து அங்கேயேதான் நின்றிருந்தது. கண்ணாடிக் கம்பியில் ஒரு சிவப்புத் துண்டு. ஜாபர் கத்தியதும் அதன் இன்ஜின் உறுமியது. அவள் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் வண்டி கேட்டுக்குள் போய்விட்டது.

*

சாயங்காலம் ஆறரைக்கு வீட்டில் விளக்குப் போட்டிருந்தது. செல்வநாதன் குளித்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தான். ரூத் தட்டு வைக்கவில்லை. எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

தான் சொன்னது தப்பு என்றாள். சொன்னதைத் திருப்பி வாங்க முடியாது, ஆனால் தப்பு என்றாள். ஒன்பது வாரம் உங்களுக்காகத்தான் முழங்காலில் இருந்தேன், ஆனால் நீங்கள் சொன்னதை மட்டும் நம்பவில்லை, ஆண்டவரை நம்பின அளவுக்கு உங்களை நம்பவில்லையே என்று சொல்லி அழுதாள்.

செல்வநாதன் அவள் முந்தானை முடிச்சைக் காட்டி, அது இன்னா என்று கேட்டான். காலையில் கோயிலில் கொடுத்த பன். நசுங்கி அப்பளமாகியிருந்தது. அதை மூன்றாகப் பிய்த்து, ஆளுக்கு ஒன்று கொடுத்தான்.

"உங்க அண்ணனுக்கு போன் போட்டு சொல்லு" என்றான் வாயில் ரொட்டியோடு. "அவரு ஓட்டுன பேயி ட்ரெய்லர் ஓட்டிகினு கீதாம்."

ரூத் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு எத்தனை மாதம்.

ஷெர்லினுக்குத்தான் பொறுக்கவில்லை. நம்பரைப் பார்க்கலாமா, ஆள் யார் என்று நமக்குள் மட்டுமாவது தெரிந்துகொள்ளலாமா என்று கேட்டாள். கேட்டு வாசலில் பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். "நைனா, ஒரு சிவப்புத் துண்டு..."

"சொல்லாத" என்றான் செல்வநாதன். "அவனே வரட்டும்."

எழுந்துபோய்ப் பேனாவை எடுத்துவந்தான். மஞ்சள் சீட்டின் முன்பக்கம் இருந்த நம்பரைத் தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி அழுத்தி அடித்தான். பிறகு அதற்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்ததில் எழுதினான். எழுதி முடித்துப் பெண்ணிடம் நீட்டினான். அடுத்த செவ்வாய் நன்றிப் பெட்டியில் இதைத்தான் போடப்போகிறேன், நீதான் வாசிக்க வேண்டும், சத்தமாக வாசிக்க வேண்டும் என்றான். முன்கூட்டிப் படிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே என்றாள் ஷெர்லின். அது கோயிலுக்குள்ளே, இது வீடு என்றான்.

ஷெர்லின் வாசித்தாள்:

"அன்னிக்கு எறங்கின ஆளுக்கு. நான் தேறிட்டேன். உன் பேரு எனக்குத் தெரியாது, தேடவும் இல்ல. ரொட்டி வெச்சுட்டு ஓடாத. ஆம்பளைங்க பக்கம் மூணாவது பெஞ்சுல, என் பக்கத்துல ஒரு எடம் போட்டு வெச்சிருப்பேன். வந்து ஒக்காரு. ஒண்ணியும் பேச வேணாம்."

ரூத் சீட்டைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். மாதக்கணக்காகக் கோயில் பக்கம் போகாதவன் மூன்றாவது பெஞ்சு என்று எழுதியிருக்கிறான். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால்கூட அவன் மனதை மாற்றிக்கொண்டுவிடுவானோ என்று பயந்து, வேறொன்றைக் கேட்டாள்.

"அவரு வரலன்னா?"

"வரலன்னா அதுக்கு அடுத்த செவ்வாக்கெழம" என்றான் செல்வநாதன். "அவன் எனக்கோசரம் ஒம்பது வாரம் வந்துக்கீறான். நான் அவனுக்கோசரம் ஒம்பது வாரம் வரமாட்டனா?"